கிணற்று வளைவு

— மெதுவாப் போ பாப்பா. என் முட்டி ரெண்டும் என்னைவிட பத்து வயசு மூத்தது.

— நான் நின்னுக்கிட்டுதான் இருக்கேன் மாமா. நீங்கதான் என்னைத் தாண்டிப் போயிட்டீங்க.

— அப்படியா? இந்தப் பனியில என் கையே எனக்குத் தெரியல... இது எத்தனாவது முளைக்குச்சி?

— இருங்க, தடவிப் பாக்குறேன்... ஏழு.

— ஏழுல என்ன சொல்லணும்? சொல்லு பார்ப்போம். எட்டு மணிக்கு உங்கப்பா நினைவுக் கல் திறப்புக்கு இருநூறு பேர் வந்து நிப்பாங்க. அப்போ திருதிருன்னு முழிக்கக் கூடாது.

— "ரெண்டு நிமிஷம் நில்லுங்க. உங்க காலுக்குக் கீழதான் பெரிய பீரங்கி நின்னுச்சு. முந்தின நாள் மழை. சக்கரம் பாதிக்கு மேல சேத்துல இறங்கிடுச்சு. அதை வெளிய இழுக்குறதுக்குள்ள சண்டையே பாதி முடிஞ்சு போச்சு..."

— ஆங்! அப்படியே உங்கப்பா குரல். ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு நாப்பது நிமிஷம் நிக்க வைப்பார். ஊரே அவருக்கு "ரெண்டு நிமிஷம் சார்"னு பேர் வெச்சதுல தப்பே இல்ல.

— ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னார். கடைசியா. நர்ஸ் ஊசியோட வந்து நின்னாங்க. "ரெண்டு நிமிஷம் இருங்க"ன்னார்.

— அப்புறம்?

— நாப்பது நிமிஷம் இருந்தார் மாமா.

— டீ குடிக்கிறியா? ஃபிளாஸ்க்ல கொண்டு வந்திருக்கேன்.

— குடுங்க.

— பாத்து, மூடியிலதான் ஊத்துறேன். கையைக் காட்டு... உன் கைதானே இது?

— வேற யாரு கை இருக்கப் போகுது இங்க?

— யாரு கண்டா. பாட்டன் பூட்டன் காலத்துச் சண்டையில விழுந்த அறுநூறு பேர் இந்த மேட்டுல படுத்திருக்காங்க. உங்கப்பா கணக்கு.

— அறுநூத்தி பதினாலு.

— பாத்தியா, ஆவண அறைக்காரர் பொண்ணுன்னு நிரூபிச்சுட்ட. பதினாலு பேரை விட மனசு வரல.

— அந்தப் பதினாலு பேர் பேரைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. வாரம் பூரா ஆபீஸ்ல தூசி தட்டுவார், ஞாயித்துக்கிழமை ஆனா இங்க. எங்க அம்மா சொல்லும், "உங்கப்பாவுக்கு ரெண்டு குடும்பம், இன்னொண்ணு மேட்டுல இருக்கு"ன்னு.

— அதைச் சொல்லிக்கிட்டே டிபன் பாக்ஸ் கட்டிக் குடுப்பாங்க.

— டிபன் பாக்ஸை எடுத்துக்குவார். தண்ணி பாட்டிலை மறந்துடுவார்.

— ஐயோ, அதைச் சொல்லு! என்னிக்காவது தண்ணி எடுத்துட்டு வந்திருக்காரா மனுஷன்? வர்றவங்க கிட்டயெல்லாம் "தண்ணி இருக்கா, தண்ணி இருக்கா"ன்னு... சரி, எட்டாவது முளை எந்தப் பக்கம்?

— நீங்கதானே சர்வேயர்?

— ரிட்டயர்டு சர்வேயர். கருவி இல்லாத சர்வேயர். அதுல பனி வேற... இரு. சத்தம் போடாதே. லாரி ஒண்ணு வருது, கேக்குதா?

— ம்.

— கேளு... கேளு... இப்போ! கியரைக் குறைக்கிறான் பாரு. அதான் கிணத்து வளைவு. அந்தச் சத்தத்தை வலது காதுல வெச்சுக்கிட்டு நேரா நடந்தா எட்டு வரும்.

— அப்பாவும் பனி நாள்ல இப்படித்தான் கூட்டிட்டுப் போவார். "கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்க"ன்னு. இப்பக்கூட முன்னால நடந்து போற மாதிரியே இருக்கு... புல்லு மேல செருப்பு சரசரன்னு...

— அது என் செருப்பு.

— தெரியும் மாமா. கொஞ்ச நேரம் அப்பான்னு நெனச்சுக்கிறேனே.

— நெனச்சுக்கோ. நானும் உன் செருப்புச் சத்தத்தை அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வரேன்... எட்டு. இதோ, கால்ல இடிச்சுடுச்சு.

— எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு எல்லாம் மனப்பாடம். பன்னெண்டை விட்டுடலாம்னு இருக்கேன்.

— என்னது?

— தண்ணிக்காரர் கதை. அதை நான் சொல்லப் போறதில்ல.

— விளையாடாதே. பாதிப் பேர் அதுக்காகத்தான் வராங்க.

— வரட்டும். வேற ஏதாவது சொல்றேன்.

— வேற ஏதாவதா! சண்டை உச்சத்துல இருக்கு. ரெண்டு பக்கமும் நாக்கு வறண்டு கிடக்கு. யாரோ ஒருத்தர், எந்தப் படையும் இல்லாத ஆளு, தோள்ல தோல்பையோட நடு மேட்டுல நடந்து வரார். இடது காலை நொண்டிக்கிட்டே. இவங்களுக்கும் தண்ணி, அவங்களுக்கும் தண்ணி. அவர் நடக்குறவரைக்கும் ஒருத்தன்கூட சுடல. மூணு தடவை வந்தார். நாலாவது தடவை... வரல. முப்பத்தி நாலு வருஷமா கேக்குறேன் பாப்பா. இன்னும் அலுக்கல.

— அழகாத்தான் சொல்றீங்க. நீங்களே சொல்லிடுங்களேன்.

— உனக்கு என்னதான் ஆச்சு? கல்லுலயே அதைத்தானே போட்டிருக்காங்க? "தண்ணீர் சுமந்த மாவீரரைக் கண்டறிந்த மாமேதை"ன்னு?

— அதான் ஆச்சு. அப்பா இருந்திருந்தா அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போய் விழாக் கமிட்டித் தலைவர் வீட்டு வாசல்ல போட்டிருப்பார்.

— மாமேதைங்கிறது கொஞ்சம் ஓவர்தான். தலைவருக்கு எதுக்கும் முன்னால ஒரு "மா" போடலன்னா தூக்கம் வராது.

— மாமேதையை விடுங்க. கண்டறிந்தன்னு போட்டிருக்காங்களே, அது? நான் லேப்ல இருபது வருஷமா ரத்தம் பாக்குறேன் மாமா. மைக்ராஸ்கோப்புல தெரிஞ்சதைத்தான் எழுதுவேன். தெரியாததை எழுதினா ஒரு உசிரு போயிடும். அதை அப்பாகிட்டதான் கத்துக்கிட்டேன். அந்த மனுஷன் பேர்ல, ஆதாரம் இல்லாத ஒண்ணைக் கல்லுல வெட்டி, எட்டு மணிக்கு நான் துணியை விலக்கி, எல்லாரும் கை தட்டி...

— ஆதாரம் இல்லன்னு யாரு சொன்னது? நொண்டினது இடது கால்னு தெரிஞ்சிருக்கு. அதையெல்லாம் யாராவது கற்பனையா சொல்வாங்களா?

— இடது கால் ஆதாரம் ஆகாது. ஒரே ஆதாரம் கிணறு. உங்க சர்வே வரைபடத்துல இருக்குற பழைய கிணறு. தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, அதைத்தான் எல்லாரும் காட்டுறாங்க.

— ஆமா... இருக்குல்ல. அப்புறம் என்ன?

— காட்டுங்க.

— என்ன காட்டணும்?

— கிணத்தை. பன்னெண்டாவது முளைக்கும் வளைவுக்கும் நடுவுலன்னுதானே குறிச்சிருக்கீங்க? பக்கத்துலதான் இருக்கோம். வாங்க.

— இந்தப் பனியிலயா? கால் தவறி உள்ள விழுந்தா?

— மூடின கிணறுன்னுதானே சொல்வீங்க?

— மூடினதுதான்... மண்ணு உள்வாங்கியிருக்கும். பாம்பு பூச்சி இருக்கும். புல்லு மண்டிக் கிடக்கும். அப்புறம் பார்த்துக்கலாம். ஒன்பதாவது முளையில என்ன சொல்லுவே? சொல்லு.

— மாமா.

— குதிரைங்களைக் கட்டிப் போட்ட இடம் அது. குதிரையில ஆரம்பி.

— மாமா... உங்க டேப் எப்பவும் இடுப்புலதானே இருக்கும். முளையிலிருந்து அளந்து காட்டுங்க. எத்தனை அடி?

— அது... சட்டுன்னு ஞாபகம் வரல.

— எத்தனை அடின்னு உங்களுக்கு மறக்காது. எங்க வீட்டு வாசப்படி உயரத்தைக்கூட இன்னும் சொல்லுவீங்க.

— ஏழு அங்குலம்.

— கிணறு?

— இங்க உக்காரலாமா? இந்தப் பாறை காஞ்சிருக்கு.

— உக்காருங்க.

— அப்போ எனக்கு முப்பத்தி நாலு வயசு. ரோடு கம்பெனிக்காக அளக்க வந்தவன். இந்த மேட்டைக் குறுக்க கீறிக்கிட்டுப் போற ரோடு. உங்கப்பா மனு மேல மனுவா போட்டுக்கிட்டு இருந்தார். ஆபீஸ்ல அதை எல்லாம் கட்டி மேசைக் கால் ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருந்தோம். நிஜமாத்தான்.

— தெரியும். அவரே சிரிச்சுக்கிட்டு சொல்வார், "என் மனுவுக்கும் ஒரு உபயோகம்"னு.

— மூணாவது நாள், ஞாயித்துக்கிழமை. ஒரு பதினோரு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து என் கருவிக்குப் பக்கத்துலயே நின்னு "ரெண்டு நிமிஷம்"னார். நான் கேக்காத மாதிரி நின்னு கேட்டேன். நாலாவது தடவை வரலன்னு சொன்னார் பாரு... என் கையில பாட்டில் இருக்கு, நெஞ்சு காயுது, எனக்குக் குடிக்க முடியல. அப்படியே நின்னேன்.

— ம்.

— சாயங்காலம் ஆபீஸ்ல உக்காந்து படம் போடுறேன். ரோட்டுக் கோடு நேரா அவர் நின்ன இடத்து மேலயே போகுது. பழைய கிணறு இருந்தா அம்பது அடி தள்ளித்தான் ரோடு போகணும்னு விதி. ஒரு வட்டம் போட்டேன். பக்கத்துல ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான்.

— அப்போ அங்க...

— அங்க ஒண்ணும் இல்ல. மூடுறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. வெறும் புல்லு.

— அந்தக் கிணத்தை நம்பித்தான் மாமா நான் இத்தனை வருஷம்...

— என்ன?

— ஒண்ணும் இல்ல. யாரும் வந்து பாக்கலையா?

— ரூமை விட்டு யாரு எழுந்திருச்சா? கையெழுத்துப் போட்டாங்க, ரோடு வளைஞ்சிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒரு நாளைக்கு ஆயிரம் வண்டி, இல்லாத கிணத்தைச் சுத்திக்கிட்டுப் போகுது. ஒவ்வொரு தடவை நான் அதுல வண்டி ஓட்டும்போதும்... இதோ, இன்னொருத்தன் கியரைக் குறைக்கிறான்.

— ...

— அழறியா சிரிக்கிறியா? பனியில தெரியல.

— ரெண்டும்.

— திட்டிடு பாப்பா. ஆதாரம் ஆதாரம்னு உயிரை விட்ட மனுஷனுக்கு நான் பொய்யான ஆதாரத்தைக் குடுத்துட்டேன். அவர் வீட்டுல உக்காந்து சாப்பிட்டேன். அவர் போற வரைக்கும் சொல்லல. சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும், அது அப்போ. வேலையை விட்டப்புறமும் வாய் வரல. அது என்ன பயம்னு எனக்கே தெரியல.

— ரோடு வளைஞ்சதாலதானே இந்த மூலை தப்பிச்சுச்சு? அதுக்கப்புறம் இங்க எடுத்ததுதானே நாப்பத்தோரு குண்டு, ரெண்டு சட்டைப் பித்தான்? அதெல்லாம் நிஜம்தானே?

— அதெல்லாம் நிஜம். நானும் கூட இருந்து எடுத்ததுதான். ஆனா அதுக்காக...

— மாமா, ஒண்ணு சொல்லணும். போன வாரம் அப்பா மேசையைச் சுத்தம் பண்ணினேன். அந்தப் பெரிய வரைபடம் இருக்குல்ல?

— யாரையும் தொட விடமாட்டாரே, அதுவா?

— அதான். அப்பாவுக்கு ஒரு பழக்கம். நிரூபணம் ஆனதை எல்லாம் பேனாவுல எழுதுவார். ஆகாததைப் பென்சில்ல. "பென்சில்னா பொய்னு அர்த்தம் இல்லம்மா, காத்திருக்குன்னு அர்த்தம்"பார். நாப்பத்தோரு குண்டும் பேனாவுல இருக்கு. பீரங்கி பேனாவுல இருக்கு. உங்க கிணறு...

— பேனாவுல இருக்கும். அரசாங்கம் கையெழுத்துப் போட்ட வரைபடத்துல இருக்குறதாச்சே.

— பென்சில்ல.

— பென்சில்லயா?

— லேசா. சின்னதா ஒரு வட்டம். முப்பத்தி நாலு வருஷமா அதை அவர் பேனாவால தொடவே இல்ல.

— தெரிஞ்சிருக்கா அவருக்கு?

— எனக்கு அப்படித்தான் தோணுது.

— ஐயோ... இரு, இரு. வரைபடம் வெளிய வந்த மறுவாரம் கையில பிரதியோட இங்க வந்தார். நானும் நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த இடத்துக்கு நேரா போனார். குனிஞ்சு புல்லைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்...

— என்ன?

— "தண்ணி இருக்கா?"ன்னு.

— குடுத்தீங்களா?

— பாட்டிலை அப்படியே நீட்டினேன். மடமடன்னு குடிச்சுட்டு, "நல்ல தண்ணி"ன்னுட்டுப் போயிட்டார். நான் நெனச்சேன், தப்பிச்சோம்டான்னு. முப்பத்தி நாலு வருஷமா தப்பிச்சதாவே நெனச்சுக்கிட்டு இருந்தேன்... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் எனக்குச் சோறு போட்டாரா மனுஷன்?

— கண்ணைத் துடைங்க. எந்திரிங்க. பன்னெண்டுக்குப் போவோம்.

— நான் வரல. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தக் கல்லுக்கு முன்னால நிப்பேன்?

— பனியில மூஞ்சி யாருக்குத் தெரியப் போகுது? வாங்க... கையைக் குடுங்க. ஒன்பது... பத்து... பதினொண்ணு... இதோ. துணி ஈரமா இருக்கு. தூக்குங்க ஒரு பக்கம்.

— எட்டு மணிக்குத்தானே தூக்கணும்?

— தூக்குங்க மாமா. இப்போ கையை வைங்க.

— அவர் பேரு... தேதி... வெட்டு நல்ல ஆழம். கை தேர்ந்தவன்தான். கடைசி வரி எங்க? வழவழன்னு இருக்கு?

— கிட்ட வந்து பாருங்க.

— ... பென்சிலா?

— கல் வெட்டுறவர் முதல்ல பென்சில்லதான் எழுதிக்குவாராம். அப்புறம்தான் உளி. முந்தாநாள் போய் நின்னு உளியைக் கீழ வைக்கச் சொல்லிட்டேன். சண்டை போட்டார். "கமிட்டி என்னைச் சும்மா விடுமா"ன்னார். கல்லு மேல உக்காந்துக்கிட்டேன்.

— அப்படியே உங்கப்பா. தலைவருக்குத் தெரியுமா?

— எட்டு மணிக்குத் தெரியும்.

— மனுஷன் குதிக்கப் போறான்.

— குதிக்கட்டும். இப்போ இந்தத் துணி ஈரத்தால... மாமேதை போயிடுச்சு. மாவீரர் போயிடுச்சு. கண்டறிந்த... அழுத்தித் தேய்க்கணும். போயிடுச்சு. உங்க பாக்கெட்ல பென்சில் இருக்குமே?

— அது இல்லாம என்னிக்கு வெளிய வந்திருக்கேன்? என்ன பண்ணப் போற?

— நான் இல்ல. நீங்க. உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு அப்பா சொல்வார். பன்னெண்டாவது முளைக்கு வந்ததும் அப்பா எப்படி ஆரம்பிப்பார்?

— "தண்ணி கொண்டுக்கிட்டு ஒருத்தர் வந்ததா சொல்றாங்க"ன்னு... பாப்பா! ஒரு தடவைகூட "வந்தார்"னு சொன்னதில்ல அவர். எப்பவும் "வந்ததா சொல்றாங்க"தான். நாங்கதான் காதுல வாங்கல.

— எழுதுங்க. அதை மட்டும்.

— கல்லுல பென்சிலா? ஒரு மழைக்குத் தாங்காதே?

— அழிஞ்சா மறுபடியும் யாராவது வந்து எழுதட்டும். ஒவ்வொரு மழைக்கும்.

— யாரு வருவா?

— நீங்க இருக்கிற வரைக்கும் நீங்க. ஒரு வட்டத்துக்கு அது போதும் தண்டனை.

— ... "தண்ணீர்... கொண்டு... ஒருவர்..." கொஞ்சம் வெளிச்சம் காட்டு. "வந்ததாகச்... சொல்கிறார்கள்." கோணலா இருக்கா?

— நல்லா இருக்கு மாமா. அப்பா மேசையில இருந்து எடுத்த மாதிரி இருக்கு.

— அப்போ கதையைச் சொல்லப் போறியா?

— சொல்றேன். பென்சில்லதான் சொல்லுவேன்.

— என் வட்டத்தையும் சேத்துச் சொல்லிடு. நான் முன் வரிசையில நிக்கிறேன். யாராவது திட்டினா வாங்கிக்கிறேன். இத்தனை வருஷம் தூக்கிக்கிட்டு நடந்தது போதும்.

— சொல்லுவோம். உங்களுக்கு முன்னாடி என்னுதைச் சொல்லணும்.

— உன்னுதா? நீ என்ன பண்ணின?

— அப்பா நோட்டுல ஒவ்வொரு கதைக்கும் யாரு சொன்னாங்கன்னு எழுதியிருப்பார். கடிதம், பட்டியல், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு. தண்ணிக்காரருக்கு ஒரே ஒரு வரி. பென்சில்ல. "சாட்சி ஒருவர். நம்பத் தகுந்தவர்."

— யாரு அந்த ஆளு? நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், வாயைத் தொறக்கல. பாட்டன் பூட்டன் காலத்துக் கதையைக் கேட்ட பழைய ஆளா இருக்கும். போய்ச் சேந்திருப்பாங்க.

— இல்ல. இருக்காங்க.

— இருக்காங்களா! இன்னிக்கு வருவாங்களா?

— வந்துட்டாங்க.

— எங்க? கீழ ரோட்டுல ஏதோ பேச்சுக் குரல் கேக்குது... அவங்களா? அவங்களை நான் பாக்கணும் பாப்பா. அந்த இடது கால் நொண்டினதை எப்படி அவ்வளவு உறுதியா சொன்னாங்கன்னு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.

— இடது கால்ல புது ஷூ கடிச்சிருந்துச்சு மாமா. எனக்கு ஆறு வயசு, அப்பா வழக்கம்போல தண்ணியை மறந்துட்டார்... "எனக்கே இவ்வளவு தாகமா இருக்கே, அவங்களுக்கு யாருப்பா தண்ணி கொண்டு வந்தாங்க? நொண்டிக்கிட்டாவது யாராவது வந்திருப்பாங்க"ன்னேன்... அப்பா அப்படியே நின்னுட்டார். அன்னிக்கு மட்டும்தான், சரியா ரெண்டு நிமிஷம்.